காக்கை இல்லாத களம்

பிப்ரவரி 11, செவ்வாய்

காலையில் மூடுபனி. பாம்பன் பாலம் பாதிதான் தெரிந்தது, மீதி வானத்துக்குள். சாளை மீன் வரத்து சுமார். உப்புக்குச் சொல்ல வேண்டும்.

சீனத்து சினிமா டைரக்டர் ஒருவர் நம் கருவாட்டுக் களத்துக்கு வந்தார். எண்பது தாண்டியவர். பேச்சை மாற்றிச் சொல்ல மலேசியத் தமிழ்ப் பெண், மீனா. அவள் சொன்னது: ஹாங்காங்கில் லைட் தூக்கி ஆரம்பித்தவர். வயிற்றுக்குச் சண்டைப் படம், மனசுக்குச் சொந்தப் படம். இதுதான் கடைசிப் படம். அதில் கடைசி ஷாட், அவர் பிறந்த தீவில் அப்பா கருவாடு காயவைத்த களம். அந்தத் தீவில் இப்போது ஓட்டல்களாம். அதனால் இங்கே.

பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு கருவாட்டு வாடையை மோந்தார். கை கொடுத்தார். உள்ளங்கையில் காய்ப்பு இன்னும் இருக்கிறது. நானும் கமுதியிலிருந்து வந்து கூடை சுமந்தவன். ஆளைப் பிடித்துப்போயிற்று.

நாளை ஷாட். மறுநாள் மத்தியானம் அவருக்கு விமானம்.

பிப்ரவரி 12, புதன்

கருவாடு வாங்க வெளிநாட்டுப் பார்ட்டி வந்தால் வழக்கமாகச் செய்வதுதான். விடியுமுன் சாளையை அள்ளி லாரி ஏற்றிவிட்டேன். களம் முழுக்கத் தண்ணீர், பிளீச்சிங் பவுடர். போட் வந்ததும் பெரிய சீலா மீனாகப் பரப்பலாம் என்று கணக்கு. காற்று. போட் எதுவும் கடலுக்குப் போகவில்லை.

களத்து மேஸ்திரி சகாயமேரி: "என்ன முதலாளி, கல்யாண வீடு மாதிரி கழுவி விட்டுட்டீக? காக்காகூட கோவிச்சுக்கிட்டுப் போயிருச்சு."

"வேலயப் பாரு."

பெரியவர் வந்தார். நின்றார். கேமராவை இறக்க வேண்டாம் என்று கை காட்டினார். மீனாதான்: "ஏண்ணே எல்லாத்தையும் எடுத்தீங்க? அவருக்கு அந்த நாத்தம்தான் வேணும். அந்தக் காக்காதான் வேணும்."

ஒரே ராத்திரியில் எந்த மீன் காயும்?

பிப்ரவரி 13, வியாழன்

மறுபடி பனி. நான் போகும்போதே களத்து நடுவில் பெரியவர், ஈர மணலில் உட்கார்ந்து. கேமரா தயார். மன்னிப்புக் கேட்கப் போனேன். கையமர்த்தினார்.

மீனா சொன்னாள்: "அவரு அப்பா தவறின மறுநாள் களம் இப்படித்தான் வெறிச்சுன்னு இருந்துச்சாம். அதை மறந்தே போயிட்டாராம்."

வெறுங்கூடை ஒன்றைத் தலையில் வைத்து என்னைக் கடல் பக்கம் நடக்கச் சொன்னார். என்னையா? செருப்பைக் கழற்றினேன். துண்டைச் சுருட்டிச் சும்மாடு கட்டக் கை மறக்கவில்லை.

பின்னால் சகாயமேரி சிரிப்பு: "பாருங்கடி, முதலாளி நடையில இன்னும் கூலிக்காரருதான்!"

திரும்பிப் பார்க்கக் கூடாது என்று உத்தரவு. எதிரே கடலும் இல்லை வானமும் இல்லை, வெள்ளை மட்டும். காலில் தண்ணீர் பட்டது. கட் என்று யாரும் சொல்லவில்லை. நடந்துகொண்டே இருந்தேன்.