பாராசூட்டு வண்டியில் கட்டின செருப்பு

மாப்ளே,

நீ பறக்கறதுக்குச் செஞ்ச பாராசூட்டு வண்டியில பழைய செருப்பைக் கேலிக்காடா கட்டினேன்? போனை எடுக்கமாட்டேங்கற, அதான் எழுதறேன். லாரிக்குப் பின்னாடி திருஷ்டிக்குக் கட்டுறதில்லையா, அதுமாதிரிதான்.

நீயே பத்தவச்ச கம்பிக்கூடு, இன்ஜின்ல சுத்தறதுக்கு நீயே இழைச்ச மரக் காத்தாடி, எங்கயும் ஒரு பிசிறு இல்ல. உன் தொப்பையையும் சேத்துல்ல தூக்குது! நீ காவேரிக்கு மேல பறந்தப்ப நடவு நட்டவங்க எல்லாம் நிமிந்து பாத்தாங்க. கண்ணு பட்டு நீ விழுந்துடுவியோன்னுதான், நீ எறங்கினதும் செருப்பைத் தேடி எடுத்துக் கட்டினேன்.

காலம் பூரா உன்னைக் கிண்டலடிச்சவன் கட்டினா நீ வேற என்னன்னு நினைப்ப? வண்டியை இரும்புக்கடையில போடப்போறியாம், உன் அக்கா அழுவுறா. வேணாம்டா.

நீ செருப்பைப் பாத்த அன்னிக்கே சொல்ல வந்தேன். "அடேய், வண்டி இவ்வளவு அழகா இருக்கேன்னுதான்..."னு வாயெடுத்தேன். நீ வரப்புல ஏறி நடந்துட்ட.

இப்படிக்கு,
உன் அக்கா புருஷன்