சேந்தியின் சேனை வயலுக்கு நீர் திறக்க விடுத்த ஓலை

ஆற்றுவண்டல் குன்றாத மருதவாய் நாட்டை ஆளும் அரசி மாநகையாரின் கழனியமைச்சன் ஆதன்கோடன், கீழ்மடைத் தலைவர் எயினன்தத்தனார்க்கு விடுக்கும் ஓலை. தங்கள் ஏரி நிறைக. தங்கள் குடிகள் பசியறியாது வாழ்க.

எப்பயிராயினும் வயலுக்கு நான்கு கூடை அடுப்புச் சாம்பல் இடுக என்று இவ்வாண்டு வந்த ஆணையை எழுதியவன் நானே. சமமாகப் பகிர்வதே நீதி என்று எண்ணினேன். உழத்தி சேந்தியோ தன் நெல்லுக்குரிய சாம்பலையும் சேனைக்கிழங்குக்கே இட்டாள். காரணம் கேட்டதற்கு, உண்டு ஏப்பமிடுகிறவன் இலையில் மேலும் சோறு வைக்கும் அமைச்சரை இப்போதுதான் காண்பதாகச் சொல்லியனுப்பினாள். அச்சொல்லை ஆராயவே இங்கு வந்தேன். மழை நின்றதும், ஆணை மீறியதற்காக அவளுடைய முறைநீரைத் தாங்கள் நிறுத்தியிருக்கிறீர்கள். சேனை முற்ற இன்னும் ஒரு திங்கள் வேண்டும், நீரின்றேல் வாடிவிடும்.

ஏழு திங்களாகக் கண்டதைச் சொல்கிறேன். சாம்பலிட்ட நெல்லும் இடாத நெல்லும் ஒன்றுபோலவே விளைந்தன. ஆண்டுதோறும் வண்டல் புதுச்சாரம் கொணர்கிறது, வைக்கோலும் அங்கேயே மட்குகிறது, நெல்லுக்குக் குறையில்லை. வண்டல் ஏறாத மேட்டுநெல் மட்டும் சற்றுத் தேறியது. சோளத்தில் மணி பெருகவில்லை, ஆனால் தட்டை உரம்பெற்றது; காற்றடித்த நாளில் சாம்பலற்ற வரிசைகளே சாய்ந்தன. உளுந்தின் காய்கள் ஓரளவு திரண்டன. கிழங்கின் கதை வேறு. சாம்பல் குறைந்தால் அதன் முதிர்ந்த இலைகள் விளிம்பிலிருந்து கருகத் தொடங்கும். இலை ஆக்கும் உணவைக் கிழங்குக்கு இறக்குவது சாம்பலின் சாரமே என்று கருதுகிறேன்.

ஆனால் ஒன்றை மறைக்கலாகாது. சாம்பல் ஆராய வந்தவன் எவர் வீட்டிலும் உண்ணலாகாது என்பது நாட்டு வழக்கம். உண்டால் அவ்வீட்டு வயல்பற்றி அவன் சொல் செல்லாது. இவ்வழக்கத்துக்கு அஞ்சி, வரப்பில் என்னைக் கண்டவர் யாவரும் விலகியே நடந்தனர். ஐப்பசி மழையில் என் குடில் சரிந்த அன்று, சேந்தியின் அடுப்பருகே அமர்ந்து அவித்த கிழங்கு உண்டேன். அவள் அழைக்கவில்லை; நானே கேட்டேன். பசியினால் அன்று. எவரேனும் என்னோடு பேசிப் பல நாளாகியிருந்தது. மழை விடும்வரை அவள் தன் காளையின் முரட்டுத்தனத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எனவே இவ்வூரின் ஒரே சேனை வயலைப் பற்றி என் சொல்லை ஏற்க வேண்டா. என் வேண்டுகோளின்படி அவள் சாம்பலிடாது விட்ட வரிசை ஒன்று கிழக்கோரம் உள்ளது. தை பிறந்ததும் ஊரார் முன்னிலையில் அதையும் அடுத்த வரிசையையும் தோண்டுக. அதுவரை நீர் பாயட்டும்; கிழங்குகள் ஒத்திருந்தால் தண்டனை மீண்டும் தொடரட்டும். வேறுபட்டால் பிழை என் ஆணையினது, அவளுடையதன்று. அப்போது நான் அங்கு நிற்றல் தகாது. நாளையே வடகழனிக் குடிலுக்குப் போகிறேன். கிழங்குகளின் சுற்றளவைக் கயிற்றில் முடிச்சிட்டு அனுப்புக. கொணர்பவர் ஒரு பகல் தங்கிப் பேசிச் செல்லத் தடையில்லை.

அரசியாரின் கதிர்முத்திரை இதன்மேல் இடப்பட்டது. ஓலை சேரும் பொழுதே, வேறு எவரையும் கேளாது, சேந்தியின் மடை திறக்கப்படுக.