எதை விட்டுவிட்டாய்?

நகோயா
ஜூன் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

சிஹோ எழுதுகிறேன். மூன்று வருடம் கழித்து உங்கள் ஃபேக்ஸ் விளக்கு என் கடிதத்துக்காக மின்னுகிறது. கிழித்துப் போட்டுவிடாதீர்கள். ஒரு பக்கம்தான்.

நேற்று நம் ஊர் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. வெள்ளம், நிலநடுக்கம் என்று ஏதாவது வந்தால், தனியாக இருக்கும் காது கேளாதவர்களுக்கு யார் தகவல் சொல்வது என்று பட்டியல் எடுக்கிறார்களாம். உங்கள் படிவத்தில் என் பெயர் இருந்ததாம். "இசாகு ஐயாவோட பொண்ணு நீங்கதானே? உங்களுக்குச் சம்மதம்தானே?" என்று கேட்டாள் அந்தப் பெண். சம்மதம் என்றேன்.

என்னிடம் ஃபேக்ஸ் இயந்திரம் கிடையாது. ஆனால் இணையத்தில் எனக்கென்று ஓர் எண் வாங்கியிருக்கிறேன். நீங்கள் வழக்கம்போல் உங்கள் இயந்திரத்தில் காகிதத்தை வைத்து, மேலே அச்சாகியிருக்கும் எண்ணை அழுத்தினால் போதும். அது படமாக என் செல்போனுக்கு வந்துவிடும். நான் செல்போனிலிருந்து அனுப்புவது உங்களுக்குக் காகிதமாக வரும்.

இருமல் எப்படி இருக்கிறது? கடையைத் திறக்கிறீர்களா?

உங்கள் மகள்
சிஹோ


ஒகுதானி
ஜூன் 6

சிஹோவுக்கு,

படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. காலியாக விட்டால் படிவம் கொண்டுவந்த பெண் திரும்பவும் வந்து நிற்பாள். அதனால் நிரப்பினேன். அதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை.

உன் கடிதம் அச்செழுத்தில் வந்தது. தண்ணீர் நிறுத்தப் போவதாக ஊர் அலுவலகம் அனுப்பிய அறிவிப்பு என்று நினைத்து ஓரமாக வைத்துவிட்டேன். மறுநாள்தான் பெயரைப் பார்த்தேன். எழுதுவதானால் கையால் எழுது.

கடை வாரத்தில் நான்கு நாள் திறந்திருக்கிறது. முன்பெல்லாம் முடி வெட்டிக்கொண்டே கண்ணாடியில் வாயைப் பார்த்துப் பேச்சைப் பிடித்துவிடுவேன். முகக்கவசம் வந்த பிறகு அதுவும் போயிற்று. இப்போது எல்லாரும் விரலால் நீளத்தைக் காட்டுகிறார்கள். வேலை சீக்கிரம் முடிகிறது.

நீ முன்பு அனுப்பிய செல்போன் அலமாரியில் இருக்கிறது. ஒரு எழுத்தைத் தொட்டால் மூன்று எழுத்து விழுகிறது. இயந்திரமே இல்லாத இடத்துக்கு என் காகிதம் எப்படிப் போய்ச் சேரும்? இந்தப் பக்கம் நுழைத்தால் அந்தப் பக்கம் வெளியே வந்து விழுகிறது. நீ படித்தாயா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்?

இருமல் இல்லை.

இசாகு


நகோயா
ஜூன் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

படித்தேன். நான்கு முறை படித்தேன். நான் வேலை செய்யும் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்தபோது செல்போன் அதிர்ந்தது. திறந்தால் உங்கள் கையெழுத்து. பக்கத்தில் இருந்தவள், "என்னடி, பல்லு வலியா? கண்ணுல தண்ணி?" என்று கேட்டாள்.

இதைக் கையால்தான் எழுதுகிறேன். எழுதி, படம் பிடித்து, அதை அனுப்புவேன். உங்களுக்குச் சேர்ந்ததும் "சேர்ந்தது" என்று நேரத்தோடு எனக்கு ஒரு செய்தி வரும். சேராவிட்டால் மூன்று முறை முயன்று பார்த்துவிட்டுச் சேரவில்லை என்று சொல்லும். உங்கள் இயந்திரமும் அனுப்பி முடிந்ததும் ஒரு துண்டுச் சீட்டைத் தள்ளுமே, அதில் "சரி" என்று இருந்தால் எனக்கு வந்துவிட்டது என்று அர்த்தம்.

அப்பா, அம்மா விஷயத்தில் நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்கவே இல்லை. உண்மை தெரிந்த அன்றைக்கு நீங்கள் திரும்பி உட்கார்ந்துகொண்டீர்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டவரிடம் நான் எந்தக் கையால் பேசுவது?

சிஹோ


ஒகுதானி
ஜூன் 14

சிஹோவுக்கு,

மன்னிப்பு வேண்டாம். நடந்தது என்ன என்பதை நான் பார்த்தபடி எழுதுகிறேன். நான் பார்த்ததை நீ பார்த்திருக்க மாட்டாய்.

உன் அம்மாவைக் காட்டப் போன மருத்துவரின் தலைக்கு மேலே ஒரு கடிகாரம் இருந்தது. அவர் பதினோரு நிமிடம் பேசினார். உன் அம்மாவும் நானும் உன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தோம். நீ எங்களுக்குச் சொன்னது மூன்று வார்த்தை. வயிற்றுப்புண். ஓய்வு. குணமாகிவிடும். பதினோரு நிமிடப் பேச்சு மூன்று வார்த்தையாகச் சுருங்குமா என்று நான் நினைத்தேன். ஆனால் மொழிபெயர்த்தவள் என் மகள். நம்பினேன்.

உன் அம்மா மிட்சுயோவுக்குக் காது கேளாதோர் பள்ளியில் ஒரு தோழி இருந்தாள். வடக்கே ஹொக்கைடோவில். அந்தக் கோடையில் வரச்சொல்லி எழுதியிருந்தாள். மிட்சுயோ, "குணமான பிறகு போகலாம், இப்போது போனால் அவளுக்குத்தான் சிரமம்" என்று கை ஆட்டிவிட்டாள். செப்டம்பரில் இறந்தாள். தோழி சாவுக்கு வந்தாள்.

உனக்கு ஏப்ரலிலேயே தெரியும்.

இசாகு


நகோயா
ஜூன் 20

அன்புள்ள அப்பாவுக்கு,

ஆறு நாள் எழுத முடியவில்லை. அந்தப் பதினோரு நிமிடத்தில் அவர் பேசியதை எனக்கு நினைவிருக்கும்வரை முழுதாக எழுதுகிறேன்.

அம்மாவுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்றார். கல்லீரலுக்குப் பரவிவிட்டது என்றார். அறுவை செய்ய முடியாது. மருந்து கொடுத்தால் எட்டு மாதம், கொடுக்காவிட்டால் நான்கு. வலி ஜூலையில் கூடும். பிறகு என்னைப் பார்த்து, "இத அவங்ககிட்ட இப்பவே சொல்லணுமான்னு நீங்க வீட்ல பேசி முடிவு பண்ணுங்க" என்றார். வீடு என்றால் நீங்கள் இருவரும்தானே, எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறீர்களே என்று எனக்குத் தோன்றவில்லை. அம்மா என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். என் கை அதுவாகவே "புண்" என்று சொல்லிவிட்டது.

வெளியே வந்து தெட்சுவோ மாமாவுக்குப் போன் செய்தேன். "ஒங்கம்மாவுக்குத் தெரிஞ்சா அன்னைக்கே செத்துருவா. நீ வாயத் தெறக்காத. கையையும்தான்" என்றார். அவர் சொன்னதால் என்று பழி போடவில்லை. அவர் சொல்வதற்கு முன்பே நான் பொய் சொல்லிவிட்டேன். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் அந்தப் பொய்யைக் காப்பாற்றுவதே என் வேலையாக இருந்தது. அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. அதையும் சாக்காகச் சொல்லவில்லை.

ஹொக்கைடோ விஷயம் எனக்குத் தெரியாது. இப்போது தெரிகிறது.

சிஹோ


நகோயா
ஜூலை 2

அன்புள்ள அப்பாவுக்கு,

என் கடிதம் சேர்ந்ததாகச் செய்தி வந்தது. உங்களிடமிருந்து ஒன்றும் இல்லை. பரவாயில்லை. அங்கே மழை விடவில்லை என்று பார்த்தேன். ஆற்றோரம் போகாதீர்கள். இயந்திரத்தில் காகிதம் தீராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிஹோ


நகோயா
ஜூலை 11, காலை 9.35

அப்பா,

அவசரம். இதை அச்செழுத்தில் அனுப்புவதற்குக் கோபிக்காதீர்கள். ஊர் ஒலிபெருக்கியில் ஒன்பது மணியிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்களாம். கீழத்தெருவில் இருப்பவர்கள் எல்லாரும் உடனே வெளியேற வேண்டும். ஆறு கரையின் உயரத்துக்கு வந்துவிட்டது. பக்கத்து வீட்டு நொசே அம்மா உங்களைக் கூட்டிப் போனாரா? அவருக்கு மூன்று முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. உடனே பதில் எழுதுங்கள்.

சிஹோ


ஒகுதானி
காலை 9.52

சிஹோவுக்கு,

தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். இது ஒவ்வொரு வருடமும் வருவதுதான். நொசே வீட்டுக் கார் இல்லை, கதவு பூட்டியிருக்கிறது. கிளம்பியிருந்தால் என் ஜன்னலைத் தட்டியிருப்பார்கள். அதனால் சாமான் வாங்கப் போயிருப்பார்கள் என்று நினைக்கிறேன். நான் கத்தரிகளை மேல் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இசாகு


நகோயா
காலை 10.04

அப்பா,

நொசே அம்மா இப்போதுதான் எடுத்தார். பள்ளிக்கூடத்தில் இருக்கிறார். "ஐயோ, இசாகு ஐயாவ மறந்தே போய்ட்டேனே! மைக்குல கத்துனதும் எல்லாரும் ஓடுனோம், அவருக்குக் கேக்காதுன்னு அந்த நேரத்துல தோணவே இல்லையேம்மா" என்று அழுகிறார். உங்கள் தெருவில் இப்போது யாரும் இல்லை.

ஊர் அலுவலகத்திலும் பேசினேன். மேலே இருக்கும் அணையைப் பன்னிரண்டு மணிக்குத் திறக்கிறார்கள். திறந்தால் கீழத்தெருவில் கூரை வரைக்கும் தண்ணீர் வரலாம். பாலத்துச் சாலை போய்விட்டது. அந்தப் பக்கம் போகாதீர்கள். கோயிலுக்குப் பின்னால் இருக்கும் படிக்கட்டு வழியாக மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்கிறார்கள். கிளம்புங்கள்.

சிஹோ


ஒகுதானி
காலை 10.19

சிஹோவுக்கு,

தண்ணீர் கடைப் படியில் ஏறிவிட்டது. அந்தப் படிக்கட்டில் பாசி. இந்த மழையில் தனியாக ஏறுவதைவிட ஆள் வரும்வரை இருப்பது நல்லது. பட்டியலில் என் பெயர் இருக்கிறது, அதற்குத்தானே படிவம் வாங்கினார்கள். மேல்மாடியில் காத்திருக்கிறேன். இயந்திரத்தையும் மேலே தூக்கி வந்துவிட்டேன். இங்கேயும் ஒரு இணைப்பு இருக்கிறது.

நீ அலுவலகத்தில் பேசினாய். அவர்கள் எவ்வளவு நேரம் பேசினார்கள்? எனக்கு ஆறு வரி எழுதியிருக்கிறாய். எதை விட்டுவிட்டாய்?

இசாகு


நகோயா
காலை 10.25

அப்பா,

விட்டுவிட்டேன். நீங்கள் பயந்துவிடுவீர்கள் என்று விட்டேன். அலுவலகத்துப் பெண் பேசியதில் நான் விட்டதை ஒரு சொல் விடாமல் இதோ எழுதுகிறேன்.

"பட்டியல்ல பேரு இருக்குங்க. ஆனா ரெண்டு வண்டியும் அக்கரையில மாட்டிக்கிச்சு. படகும் இல்ல. இப்ப யாரையும் அனுப்ப முடியாது. பன்னெண்டு மணிக்கு முன்னாடி யாரும் வர மாட்டாங்க, அதுக்கப்புறம் வந்தாலும் பிரயோஜனம் இல்ல. அவரே நடந்து வந்தாத்தான் உண்டு. மேல்மாடியில இருந்தா போதும்னு நெனைக்க வேணாம்னு சொல்லுங்க. மன்னிச்சுக்குங்கம்மா."

இவ்வளவுதான். இதைத் தவிர வேறு எதுவும் என்னிடம் இல்லை. முந்தைய கடிதத்தை அனுப்பியதும், வேலையில் என் பக்கத்தில் இருந்தவள், "ஆள் வராதுன்னு அப்பாகிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டாள். "சொன்னா கால் நடுங்கும், படியில விழுந்துருவார்" என்றேன். மறுபடியும் அதையே செய்தேன், அப்பா. யாரும் வர மாட்டார்கள். நீங்கள் தனியாகத்தான் ஏற வேண்டும். விழுந்துவிடவும் கூடும். ஆனால் அங்கேயே இருந்தால் செத்துப்போவீர்கள்.

சிஹோ


ஒகுதானி
காலை 10.33

போகிறேன். கீழே தண்ணீர் முழங்காலுக்கு. விளக்கு மங்குகிறது. இனி எழுதாதே, படிக்க ஆள் இருக்காது.

இ.


நகோயா
காலை 10.36

அப்பா, கைத்தடி எடுத்துக்கொள்ளுங்கள். சுவரைப் பிடித்தபடி போங்கள்.


நகோயா
பகல் 12.20

அப்பா,

10.36க்கு அனுப்பியது சேரவில்லை என்று வந்துவிட்டது. மூன்று முறையும் சேரவில்லை. நீங்கள் கிளம்பிவிட்டதால் சேரவில்லையா, வேறு காரணமா என்று அந்தச் செய்தியில் இல்லை. இதுவும் சேராது என்று தெரியும். தெரிந்தும் எழுதுகிறேன். அணையைத் திறந்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போன் போகவில்லை. நொசே அம்மாவும் எடுக்கவில்லை. தொலைக்காட்சியில் நம் ஊர் கோயிலின் வாசல் வளைவு மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிகிறது.

படிக்கட்டு அதற்குப் பின்னால்தானே? அது உயரம்தானே?

சிஹோ


ஒகுதானி, மேட்டுப் பள்ளிக்கூடம்
ஜூலை 14

சிஹோவுக்கு,

இன்று காலைதான் தலைமையாசிரியர் அறையில் இயந்திரம் வேலை செய்யத் தொடங்கியது. வரிசையில் எனக்கு முன்னால் பதினேழு பேர். உன் எண் எனக்கு மனப்பாடமாக இருந்தது. எப்போது மனப்பாடம் செய்தேன் என்று தெரியவில்லை.

உயிரோடு இருக்கிறேன். இடது முழங்கால் வீங்கியிருக்கிறது. படிக்கட்டில் இரண்டு முறை விழுந்தேன். இரண்டாவது முறை விழுந்தபோது எழுந்திருக்கத் தோன்றவில்லை. யாராவது வருவார்கள் என்று உட்கார்ந்திருக்கலாம் போல இருந்தது. யாரும் வர மாட்டார்கள் என்று நீ எழுதியிருந்தாய். அதனால் எழுந்தேன். மேலே வந்து திரும்பிப் பார்த்தபோது எனக்குப் பின்னால் பாதிப் படிகள் இல்லை.

கடை போய்விட்டது. நாற்காலி, கண்ணாடி எல்லாம். அதைப் பற்றி இப்போது எழுத முடியாது.

இங்கே உடற்பயிற்சிக் கூடத்தில் இருநூறு பேர் இருக்கிறோம். அறிவிப்பெல்லாம் ஒலிபெருக்கியில்தான். எல்லாரும் எழுந்தால் நானும் எழுகிறேன். நேற்று எல்லாரோடும் போய் வரிசையில் நின்றேன். முன்னால் போனால், பெண்களின் குளியல் நேரம். நொசே அம்மா சிரித்துக் கீழே விழாத குறை. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பரவாயில்லை என்று சொன்னேன். அவளுக்குக் கை பாஷை தெரியாது. ஆனாலும் புரிந்துகொண்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

நாளை மறுநாள் மருத்துவர் வருகிறார். தாளில் எழுதிக் காட்டச் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். அதற்காக உன்னை வரச் சொல்லவில்லை.

உன் அம்மா விஷயம் முடியவில்லை. இந்த வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. உன்னிடம் கேட்க வேண்டியவையும் நிறைய இருக்கின்றன. அவளுக்கு வலி வந்த இரவுகளில் நீ அவளிடம் என்ன சொன்னாய், அவள் உன்னிடம் என்ன கேட்டாள், எல்லாவற்றையும் கேட்க வேண்டும். காகிதத்தில் அது ஆகாது. நான் சத்தம் போட வேண்டுமென்றால் எனக்கு இரண்டு கையும் வேண்டும்.

சனிக்கிழமை முதல் மலைப் பக்கத்துச் சாலையில் பஸ் விடுகிறார்களாம். அதில் வா. என் எதிரே வந்து உட்கார். இந்த முறை நான் முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டேன்.

அப்பா