மூக்கை மறைக்காத வாசம்

மார்ச் 3, செவ்வாய்

முழங்கால் வலி. ஆனாலும் ஏழேகாலுக்குக் கீழே போய் பம்ப் அறையின் பூட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். புதுப் பூட்டு. பத்தொன்பது வருடம் அந்த அறையின் சாவி என் இடுப்பில் இருந்தது. நாற்பத்தெட்டு வீட்டுக்கும் தண்ணீர் ஏற்றும் மோட்டாரை நான்தான் பார்த்துக்கொண்டேன். எவரிடமும் படித்ததில்லை, பிரித்துப் பிரித்துக் கற்றேன். ஜனவரியில் குடியிருப்போர் சங்கத்துக்குப் புதுச் செயலாளராக ஆறாம் மாடி அம்மா வந்தார். இரண்டாம் வாரமே சாவியை வாங்கிக்கொண்டார். "போன வருஷம் அந்த ஈரப் படியில விழுந்தீங்களாமே ஐயா. ஏதாவது ஆனா யாரு பதில் சொல்றது?"

விழுந்தவன் நான். எழுந்தவனும் நான். இவர் என்ன பதில் சொல்ல வேண்டிக்கிடக்கிறது? இப்போது ஒரு கம்பெனி ஆள் வியாழன்தோறும் வந்து, கையில் அழுக்குப் படாமல் போகிறான்.

இதை எழுத உட்காரவில்லை. இன்று லிஃப்டில் ஒரு வாசம். உள்ளே ஆள் இல்லை, வாசம் மட்டும். நனைந்த மண், அப்போதுதான் அறுத்த வேர், பின்னால் எங்கோ கொஞ்சம் எலுமிச்சைத் தோல். எனக்கு வாசனைத் தண்ணீரே ஆகாது. மூக்குதான் என் கருவி. மோட்டாரின் காயில் கம்பிச் சுருள் கருகினால் ஒரு நாற்றம், பேரிங்கில் கிரீஸ் காய்ந்தால் இன்னொன்று. மீட்டர் காட்டுவதற்கு முன் மூக்கு சொல்லிவிடும். மாப்பிள்ளை ஸ்ப்ரே அடித்துக்கொண்டு வந்து போனால் இரண்டு நாளைக்கு என் மூக்கு ஊமை. இது அப்படி இல்லை. இதன் ஊடே லிஃப்ட் கயிற்றின் கிரீஸ்கூடத் தனியாகத் தெரிந்தது.

மார்ச் 4, புதன்

இன்றும். அதே நேரம், அதே அளவு.

மார்ச் 6, வெள்ளி

நான்கு நாளாகக் கவனிக்கிறேன். ஒரு நாளும் கூடவில்லை, குறையவில்லை. விசேஷத்துக்குப் பூசுவதில்லை இது. தினமும் வேலைக்குப் போகிறவர், பல் தேய்ப்பதுபோல் தினமும் போட்டுக்கொள்வது. யார் இவர்? அடுத்தவர் மூக்கு அடுத்தவருக்குச் சொந்தம் என்று தெரிந்தவர். இந்தக் கட்டடத்தில் இப்படியும் ஒரு மனிதரா?

"லிஃப்ட்ல நின்னு மோந்துக்கிட்டே இருக்கீங்களாமே? காவல்காரர் சொல்லிச் சிரிக்கிறாரு" என்கிறாள் இவள், என் மனைவி.

சிரிக்கட்டும். எனக்குத் தெரிந்துவிட்டது. ஐந்தாம் மாடி ஓய்வுபெற்ற நீதிபதி. அந்த நிதானம் வேறு யாருக்கு வரும்?

மார்ச் 9, திங்கள்

லிஃப்டில் நீதிபதி. சும்மா இருந்திருக்கலாம். "ஐயா, உங்க ரசனையே ரசனை" என்றேன்.

"எதைச் சொல்றீங்க?"

"அந்த மண் வாசம்."

"எனக்கு இருபது வருஷமா மூக்கே வேலை செய்யறதில்லீங்க. சோப்புகூட வாசனை இல்லாததுதான்."

மீதி மூன்று மாடியும் இருவரும் எண் பலகையையே பார்த்துக்கொண்டு இறங்கினோம்.

மார்ச் 15, ஞாயிறு

சங்கக் கூட்டம். சாவியைத் திருப்பிக் கேட்டு நான்கு பக்கம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். பத்து நாள் உழைப்பு. எழுந்து, முதல் பக்கத்தைப் படித்தேன். "குடுங்க ஐயா, நானே முழுசாப் படிக்கிறேன்" என்று செயலாளர் அம்மா குனிந்து தாளை வாங்கினார்.

மண். வேர். எலுமிச்சைத் தோல்.

அவ்வளவுதான். அடுத்த மூன்று பக்கமும் எங்கே போச்சுன்னே தெரியல. உட்கார்ந்துட்டேன். நாற்பது பேரு பார்க்கிறாங்க. இந்த அம்மாவா? இவங்களையா நான்—

வீட்டுக்கு வந்ததும் இவள்: "நாக்கை வீட்டுலயே வெச்சிட்டுப் போனீங்களா?"

மார்ச் 16, திங்கள்

லிஃப்டை விட்டு, நான்காம் மாடியிலிருந்து படியில் இறங்கினேன். எழுபத்திரண்டு படி.

மார்ச் 18, புதன்

படிதான். கால் வீங்கிவிட்டது. ஆறாம் தேதி எழுதியதை மறுபடி படித்தேன். "அடுத்தவர் மூக்கு அடுத்தவருக்குச் சொந்தம் என்று தெரிந்தவர்." அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். ஆனால் எழுதியதை அடிக்கிற பழக்கம் எனக்கு இல்லை. ஆள் யாரானால் என்ன, வாசம் அதே வாசம்தானே? சாவி விஷயம் வேறு.

மார்ச் 20, வெள்ளி

முழங்கால் மடங்க மறுத்தது. லிஃப்டை அழைத்தேன். கதவு திறந்தால் உள்ளே அந்த அம்மா. பின்வாங்கப் பார்த்தேன், கதவைக் கையால் பிடித்துக்கொண்டு "வாங்க ஐயா" என்றார். ஏறினேன். நான்கு மாடியும் அந்த வாசத்தில் நின்றேன், முகத்தை மட்டும் கல்லாக வைத்துக்கொண்டு.

கீழே கதவு திறந்தது. மண் வாசத்துக்கு அடியில், நூல் போல, மோட்டார் காயிலின் வார்னிஷ் கருகும் நாற்றம்.

லிஃப்டுக்குப் பக்கத்தில் நான்கு படி இறங்கினால் பம்ப் அறை. நேற்றுத்தான் கம்பெனி ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனான். அவனே பார்த்துக்கொள்ளட்டும் என்றது மனசு. மூக்கு கேட்கவில்லை.

"மோட்டாரை நிறுத்துங்க."

இரண்டு மாதத்தில் நான் அவரிடம் பேசிய முதல் வார்த்தை. அவர் காற்றை இழுத்துப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலையே ஐயா."

"உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியுது."

அதற்கு மேல் ஒரு கேள்வி இல்லை. கைப்பையைத் துழாவிச் சாவியை எடுத்து, ஆபீஸ் உடையோடு அந்த ஈரப் படியில் எனக்கு முன்னால் இறங்கி, சுவிட்சை அணைத்தார். மோட்டார் மேல் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. பேரிங் இறுகிப்போயிருந்தது. அவர் ஆபீசுக்குப் போன் செய்துவிட்டு அங்கேயே நின்றார். பதினொரு மணிக்குக் கம்பெனி ஆள் வந்து பார்த்தான். "இன்னும் கால் மணி நேரம் ஓடியிருந்தா காயில் மொத்தமும் போயிருக்கும். யாரு கண்டுபிடிச்சது?"

"இவரு" என்றார் செயலாளர். "நேத்து நீங்க நல்லா இருக்குன்னு எழுதிட்டுப் போன மோட்டாரை."

மாப்பிள்ளையின் ஸ்ப்ரேயாக இருந்தால் அந்தக் கருகல் எனக்கு எட்டியிருக்காது. இந்த வாசம் ஒதுங்கி நின்று வழி விட்டது.

மார்ச் 21, சனி

செயலாளர் எங்கள் வீட்டுக்கு வந்தார். இவள் வெட்கமில்லாமல் கேட்டே விட்டாள், என்ன பூசுகிறீர்கள் என்று.

"வெட்டிவேர் எண்ணெய் கலந்ததுங்க அக்கா. ஒரு சொட்டுதான். நாள் பூரா பத்துப் பேரோட ஒரே ரூம்ல உட்கார்றேன். நான் இருக்கேன்னு எனக்குத் தெரியணும், அவங்களுக்குத் தொந்தரவா இருக்கக் கூடாது."

நான் ஆறாம் தேதி எழுதியதுதான். வேறு சொற்களில்.

பிறகு என்னிடம்: "சாவியைத் தர்றேன் ஐயா. ஒண்ணே ஒண்ணு, தனியா இறங்கக் கூடாது."

நிபந்தனையோடு எனக்குச் சாவி வேண்டாம் என்றேன். பத்தொன்பது வருடம் தனியாகத்தான் இறங்கினேன் என்றேன்.

"விழுந்ததும் தனியாத்தான்" என்றாள் இவள், டம்ளரை எடுத்துக்கொண்டே.

செயலாளர் சாவியோடு போய்விட்டார்.

மார்ச் 24, செவ்வாய்

இந்த நோட்டின் மேல் கட்டைவிரல் அளவில் ஒரு சீசா, அதே வெட்டிவேர். யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. மூன்று சொட்டுப் போட்டேன். மாப்பிள்ளை ஆகிவிட்டேன். கழுவினேன்.

மார்ச் 25, புதன்

ஒரு சொட்டு, மணிக்கட்டில். கிரீஸ் டப்பாவைத் திறந்து பார்த்தேன். தெரிகிறது. கருகிய ஒயர்த் துண்டை எடுத்துப் பார்த்தேன். அதுவும் தெரிகிறது. சட்டைக்குள் ஒரு புது ஆள் அமைதியாக உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கிறது.

மார்ச் 28, சனி

ஏழேகாலுக்குக் கீழே போனேன். யாரையும் எதிர்பார்த்துப் போகவில்லை, பூட்டைப் பார்க்கத்தான். செயலாளர் கையில் டார்ச்சோடு படிக்கட்டில் நின்றிருந்தார். விடுமுறை நாள், வீட்டு உடை. "நீங்க வருவீங்கன்னு அக்கா சொன்னாங்க" என்றார். டார்ச் வெளிச்சத்தில் இருவரும் இறங்கினோம். புது பேரிங் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

திடீரென்று, "இன்னிக்கு நான் ஒண்ணும் போட்டுக்கலையே. எங்கிருந்து ஐயா வாசம் வருது?" என்றார்.

"மோட்டார்லேர்ந்து" என்றேன். "புது கிரீஸ்."

குனிந்து மோட்டாரை ஒருமுறை முகர்ந்து பார்த்தார். சிரிக்கவில்லை. சாவியை என் கையில் வைத்துவிட்டு, டார்ச்சைத் தன்னிடமே வைத்துக்கொண்டார்.