திங்கட்கிழமைக் கதவு

என் அன்புத் தம்பிச் சுவாமிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ இருந்தபோது ஊருக்கு முன்னால் உன்னை "சுவாமி, நீங்கள்" என்றுதான் கூப்பிட்டேன். இப்போது நமக்கு நடுவில் ஊர் இல்லை, அதனால் "நீ" என்றே எழுதுகிறேன். கோபிக்க மாட்டாய்தானே?

முதலில் ஊர்ப் புதினம். நம் கரைக்கும் நைலோன் வலை வந்துவிட்டது. பூசை இப்போது லத்தீனில் இல்லை, தமிழில். உன் இடத்துக்கு வந்த புதுச் சுவாமி சனத்தைப் பார்த்தபடி நின்று பூசை வைக்கிறார். நீ பீடத்தைப் பார்த்து எங்களுக்கு முதுகு காட்டி நிற்பாயே, அந்தக் கொஞ்ச நேரமாவது உனக்கென்று இருந்தது. பாவம், இந்தப் பிள்ளைக்கு அதுவும் இல்லை.

உனக்குத்தான் ஓய்வு எங்கே இருந்தது? ஞாயிற்றுக்கிழமை எந்த வள்ளமும் கடலில் இறங்காது. ஊர் முழுக்கப் பூசை கண்டு, சாப்பிட்டுப் படுக்கும். உனக்கு அன்றைக்குத்தான் இரட்டிப்பு வேலை. மற்ற நாட்களில் சைக்கிளை எடுத்துக்கொண்டு பரந்தன் வீதியால் காட்டுக்குள் இருக்கும் சின்னக் கோயில்களுக்குப் போவாய். திரும்பி வந்து அங்கியைக் கழற்றுமுன் வாசலில் ஒரு வழக்கு நிற்கும். "மற்றவைக்குச் செபம் சொல்லிக் குடுக்கிறன் அக்கா, எனக்குத்தான் செபிக்க நேரமில்லை" என்றாய் ஒருநாள். பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் திங்கட்கிழமையைக் கேட்டாய். "திங்கக்கிழமையில என்னை ஒருத்தரும் கூப்பிடாதேங்கோ அக்கா. சர்வேசுரனோட கொஞ்சம் தனிய இருக்கப்போறன்." கோயிலுக்குப் பக்கத்தில் நாம் இருந்த அந்த அறைவீட்டில், உன் அறைக் கதவைச் சாத்திக் கொளுக்கியும் போட்டாய்.

நம் ஊரில் பகலில் கதவைச் சாத்துகிறவர் யார்? ஒன்றில் வருத்தக்காரர், இல்லாவிட்டால் கோபக்காரர். வெயில் ஏறுமுன்னே சுவாமிக்குக் காய்ச்சல் என்று கரை முழுக்கக் கதை பரவிவிட்டது. மல்லித்தண்ணி வந்தது, கோழி ரசம் வந்தது. அடுத்த வளவுப் பிரகாசி, பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற சுறா வறையைக் கொண்டுவந்து நீட்டினாள். "எந்த வருத்தத்துக்கும் நல்லது அக்கா" என்றாள். மற்றப் பெண்கள் உன் யன்னலுக்குக் கீழே முழந்தாளிட்டு, நீ சுகப்பட வேண்டுமென்று உரத்துச் செபமாலை சொன்னார்கள். தனிமை தேடிப் போன நீ வெளியே வந்து, அத்தனையையும் வாங்கிச் சாப்பிட்டாய்.

அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில், சேசுநாதரும் சனத்தை விட்டுத் தனியே மலைக்குப் போனார் என்று விளக்கினாய். பூசை முடிய, கரைவலை வைத்திருக்கும் சூசைப்பிள்ளைச் சம்மாட்டியார் கேட்டார்: "எல்லாம் சரி சுவாமி. இஞ்ச மலைக்கு எங்க போறது?" கோயில் முற்றமே சிரித்தது. ஆனால் வழி கண்டவரும் அவர்தான். சனத்தின் பக்கம் திரும்பி, "ஒருத்தன்ர பாட்டில, அவன் வலை வளைச்ச கடல் துண்டில, இன்னொருத்தன் வள்ளம் இறக்கிறானோ? திங்கக்கிழமை சுவாமியின்ர பாடு. ஒருத்தரும் அதுக்குள்ள இறங்கப்படாது" என்றார்.

அவ்வளவுதான். உன் பிரசங்கத்தால் முடியாதது அந்த ஒரு சொல்லால் முடிந்தது. அந்தச் சோளகக் காற்றுக் காலம் முழுக்க ஒரு குருவிகூட உன் கதவைத் தட்டவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் குசினிக்கு வந்து பலகையில் இருந்துகொண்டு என் புட்டைப் பகிடி பண்ணினாய். குருமடத்துக்குப் போகுமுன் எனக்கு இருந்த அதே தம்பி. எனக்கு எவ்வளவு சந்தோசம் என்று உன்னிடம் சொன்னேனா?

கடைசித் திங்களும் அப்படித்தான் விடிந்தது. காலையில் உன் அறையில் கதிரை இழுபட்ட சத்தம் கேட்டது. யன்னலடிக்கு எழும்பிப் போகிறாய் என்று நினைத்துக்கொண்டு அரிசி புடைத்தேன். மத்தியானம் வாசலில் வைத்த சாப்பாடு மூடினபடியே இருந்தது. சில திங்களில் நீ சாப்பிடாமல் ஒருசந்தி இருப்பாய், அதனால் தட்டவில்லை. பொழுதுபடக் கோயிலில் திரிகாலச் செப மணி அடித்தும் நீ வராதபோதுதான் ஓடிப்போய்ச் சம்மாட்டியாரைக் கூட்டிவந்தேன். அவர் கதவை உடைத்தார். நீ மேசையில் சாய்ந்திருந்தாய். இருதயம் என்றும், காலையிலேயே முடிந்திருக்கும் என்றும் ஆசுப்பத்திரி அப்போத்திக்கரி சொன்னார்.

கூப்பிட்டாயா தம்பி? அந்தக் கதிரைச் சத்தம் என்னைக் கூப்பிட்ட சத்தமா?

தனிமைதான் சுவாமியைக் கொண்டுபோனது என்கிறது ஊர். அதனால் புதுச் சுவாமி அறைக்குள் போனாலே "சுவாமி, சுகமோ?" என்று ஆள்மாறி ஆள் எட்டிப் பார்க்கிறார்கள். ஆனால் அப்போத்திக்கரி எனக்குச் சொன்னது வேறு: "அந்த இருதயம் எப்பவோ களைச்சுப் போச்சு அம்மா. இவ்வளவு நாள் தாக்குப் பிடிச்சதே பெரிசு." திங்கட்கிழமைகள் உன்னைக் கொல்லவில்லை. அவற்றை நாங்கள் தரப் பிந்திவிட்டோம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்கிறவர்கள் நாங்கள்.

போன கிழமை புதுச் சுவாமி குசினி வாசலில் வந்து நின்றார். "அக்கா, எனக்கும் ஒரு நாள் கேட்டுத் தருவியளோ?" அதே களைத்த கண்கள். அடுப்புப் புகை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பின்னேரமே சம்மாட்டியாரிடம் போனேன். "வேண்டாம் பிள்ளை. இன்னொரு சுவாமியைச் சாகக் குடுக்கேலாது" என்றார். எனக்கு வந்ததே கோபம். "அப்ப வேலை செய்து சாகக் குடுக்கலாமோ?" என்று கேட்டேன். மனுசன் எழும்பி என்னோடு வந்து, உடைத்த பிறகு திருத்திப் போட்ட உன் அறைக் கதவில் மிஞ்சிக் கிடந்த கொளுக்கியைத் தன் கையால் கழற்றிக் கடலில் எறிந்தார். "இனித் திங்கக்கிழமை இந்தச் சுவாமியின்ர பாடு" என்றார்.

வருகிற திங்கள் அந்தக் கதவு சாத்தியிருக்கும், ஆனால் பூட்டியிருக்காது. யாரையும் கிட்ட விடமாட்டேன். மத்தியானம் மட்டும் நான் போய் ஒருதரம் தட்டுவேன். சுவாமி பேசத் தேவையில்லை, மேசையில் ஒரு தட்டு தட்டினால் போதும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அந்தச் சத்தம் கேட்கும்வரை கதவடியை விட்டு அசையமாட்டேன், தம்பி. இது உனக்கு நான் தருகிற வாக்கு.

உன் கதவைத் தட்டாமல் அரிசி புடைத்த,
உன் அக்கா
திரேசம்மா