குப்பம்மாள் என்று வைக்கலாமா, அக்கா?

கூப்பிட்டால் “இன்னாடா” என்பதற்கு மேல் ஒரு வார்த்தைகூடச் செலவழிக்காத என் அக்காவுக்கு,

முதலில் நல்ல செய்தி. ரம்யாவுக்குப் பெண் பிறந்திருக்கிறது. ஆமாம், உன் மகள் ரம்யாவுக்குத்தான். இரண்டு தடவை வயிற்றிலேயே கலைந்துபோய், அந்த இரண்டாவது தடவை நீ ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாயே, அதெல்லாம் தாண்டி இது பிறந்துவிட்டது. கொஞ்சம் அவசரப்பட்டு வந்துவிட்டதால் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். இப்போது வீட்டுக்கு வந்தாகிவிட்டது. பால் குடிக்கிறது, தூங்குகிறது, எழுந்து மறுபடி பாலுக்கு அழுகிறது. மூக்கு அப்படியே உன் மூக்கு என்கிறார்கள். எனக்கு அது எல்லாக் குழந்தைகளுக்கும் இருக்கிற மூக்காகத்தான் தெரிகிறது.

இனி பிரச்சினைக்கு வருகிறேன். அந்தக் குழந்தைக்குக் குப்பம்மாள் என்று பெயர் வைக்க வேண்டும் என்றாள் உன் மகள்.

நான் விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். “இன்னாம்மா, வூட்ல கூப்புடறதுக்கா? இல்ல சர்ட்டிபிகேட்லயும் அதேவா?” என்று கேட்டேன்.

“ரெண்டுத்துக்கும்தான் மாமா. கண்ணாடிப் பெட்டிக்கு வெளிய நின்னுக்கினு வேண்டிக்கினேன். இது தங்கிட்டா அம்மா பேருதான்னு.”

கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிற பெண், அக்கா. குழந்தையைத் தொடுவதற்கு முன்னால் நம் கையில் மருந்தைத் தெளித்துத் தேய்க்கச் சொல்கிறவள். அவள் மாமியாருக்கு முகமே மாறிவிட்டது. “ஸ்கூல்ல புள்ளைய இன்னான்னு கூப்புடுவாங்க?” என்று அந்த அம்மா கேட்டதிலும் தப்பில்லை. மாப்பிள்ளை கார்த்திக் போனில் நிறைய பெயர்கள் பார்த்து வைத்திருந்தான். எல்லாம் ‘விகா’ என்று முடிகிற பெயர்கள். அவற்றை ஓரம்கட்டிவிட்டு என்னிடம் வந்தான்.

“மாமா, அத்தைக்கு அந்தப் பேரு புடிச்சிருந்துதுன்னா வெச்சிடலாம். அதால அவங்க கஷ்டப்பட்டிருந்தாங்கன்னா வேணாம். உங்களுக்குத்தான தெரியும்?”

உன் வீட்டுக்காரரும் போய்விட்டார், நீயும் போன ஆடியில் போய்விட்டாய். ரம்யாவுக்கு மூத்தவன் என்று இருப்பது நான் ஒருத்தன். கேட்க வேண்டிய இடத்தில்தான் கேட்டான். ஆனால் எனக்கு எங்கே தெரியும்? உனக்கு அந்தப் பெயர் பிடித்திருந்ததா?

அது எப்படி வந்தது என்பது மட்டும் தெரியும். உனக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. அதனால் உன்னை முறத்தில் கிடத்திக் குப்பைமேட்டில் வைத்துவிட்டு வந்தார்கள். யாரோ போட்டுவிட்டுப் போன பிள்ளை என்று பக்கத்து வீட்டுக்காரி தூக்கிவர, அம்மா ஒரு பிடி தவிட்டைக் கொடுத்து வாங்கிக்கொண்டாள். குப்பையில் கிடந்தது யமனுக்கும் வேண்டாம் என்ற நினைப்பு. நீ தங்கினாய். அப்புறம் தைரியம் வந்துவிட்டது போல, எனக்கு ரவிக்குமார் என்று வைத்தார்கள்.

உன் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் அந்தப் பெயரை ஒத்துக்கொள்ளவில்லை. மண்டப வாசலில் புஷ்பா என்று ஜிகினாத் தாளில் வெட்டி ஒட்டியிருந்தார்கள். நீ அண்ணாந்து பார்த்துவிட்டு உள்ளே போனாய். அதற்குப் பிறகு உன் வீட்டுக்காரர் புஷ்பா என்று கூப்பிட்டால் முதல் குரலுக்கு நீ திரும்பவே மாட்டாய். நீ நெய்துகொண்டிருந்த தறிச் சத்தத்தில் கேட்கவில்லையா, கேட்க இஷ்டமில்லையா? பெரியாஸ்பத்திரியில் நர்ஸ் ‘குப்பம்மாள்’ என்று கத்தியபோது பெஞ்சில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். “நான்தான்மா, இதோ வரேன்” என்று தேவைக்கு மேல் உரக்கச் சொல்லிக்கொண்டு எழுந்தாய். அதே கையோடு முந்தானையை இழுத்து முகத்தையும் துடைத்துக்கொண்டாய். வியர்வையா, வேறெதாவதா? அருகில் நின்ற எனக்குத் தெரியவில்லை.

ரம்யா பிறந்தபோது உன் பெயரையே வைக்கலாமா என்று யாரோ கேட்டார்கள். “அது என்னோட இருக்கட்டும்” என்றாய். உன் கஷ்டம் உன்னோடு முடியட்டும் என்கிறாய் என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். போன வாரம் இதை ரம்யாவிடம் சொன்னால் அவள் சிரிக்கிறாள். “அய்யோ மாமா, அம்மாவோட வாட்ச நான் கட்டிக்கினாகூட அப்படித்தான் சொல்லும். தன்னுது யாருக்கும் குடுக்காது.” நீயே சொல், இதில் எதை நான் எடுத்துக்கொள்வது?

யோசிச்சு சொல்றேன், யோசிச்சு சொல்றேன் என்று நாளைக் கடத்தினேன். பெயர் வைக்கிற நாளே வந்துவிட்டது. குப்பையில் போட்டு எடுக்கிற சடங்கை எப்படியும் செய்ய வேண்டும் என்று ரம்யா பிடிவாதமாக இருந்தாள். ஆனால் நம் பிள்ளையார்பாளையத்தில் இப்போது குப்பைமேட்டுக்கு எங்கே போவது? காலையிலேயே வண்டி வந்து வாரிக்கொண்டு போய்விடுகிறது. கார்த்திக் வேறு இன்ஃபெக்ஷன், இன்ஃபெக்ஷன் என்று புலம்பிக்கொண்டிருந்தான். கடைசியில் எதிர்வீட்டு மல்லிகாம்மா தன் தறியடியில் பெருக்கிய நூல் துண்டுகளை ஒரு கூடை கொண்டுவந்து எங்கள் வாசலோரம் கொட்டினார். அதன் மேல் முறம், முறத்தில் துவைத்த துண்டு, துண்டின் மேல் குழந்தை. “குப்பைக்குமா டவல் விரிப்பாங்க?” என்று சம்பந்தியம்மாவே சிரித்துவிட்டார். வாங்கிக்கொள்வதற்குத் தவிடும் இல்லை. ரம்யா ஒரு கிண்ணத்தில் ஓட்ஸ் வைத்திருந்தாள்.

மல்லிகாம்மா தெருமுனையிலிருந்து ஒன்றும் அறியாதவர் போல நடந்து வந்து குழந்தையைத் தூக்க வேண்டும், அதுதான் ஏற்பாடு. பாதி தூரம் வந்தவருக்கு அடுப்பில் பால் வைத்தது ஞாபகம் வந்துவிட்டது. “தோ வந்துட்டேன்பா” என்று வீட்டுக்குள் ஓடினார். அந்த நேரம் பார்த்துக் குழந்தை அழுதது. பெருங்குரல் இல்லை, நூல் மாதிரி மெல்லிசான அழுகை. வீட்டு ஆட்கள் தொடக்கூடாது என்று எல்லோரும் நின்றோம். ரம்யா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். மல்லிகாம்மா வருகிற வழியைக் காணோம். என்னால் முடியவில்லை அக்கா. குனிந்து தூக்கிவிட்டேன்.

வெளியே வந்த மல்லிகாம்மா தலையில் அடித்துக்கொண்டார். “நீ எதுக்குப்பா தூக்கின? தூக்கினவங்கதான் பேரு வெக்கணும். இப்ப அது உன் புள்ள. நீயே பேர வெச்சி ரம்யா கையில குடு.”

தெருவே என்னைப் பார்த்தது. காந்தி ரோட்டுக் கடையில் நாள் முழுக்கப் புடவை விரிக்கிறவன் நான். இன்ன நிறம் என்று சொல்ல முடியாத புடவைக்குக்கூட வாய்க்கு வந்த பெயரைச் சொல்லி விற்றுவிடுவேன். அன்றைக்குக் குழந்தையைக் கைமாற்றிக் கைமாற்றி ஏந்திக்கொண்டு நின்றேன். கார்த்திக்கின் விகாக்களில் ஒன்றைச் சொல்லியிருந்தால் சண்டையே இல்லை. ரம்யாவை மட்டும் நிமிர்ந்து பார்க்க முடியாது.

குழந்தையின் காதருகில் வாயைக் கொண்டுபோனேன். அப்போதுதான் உறைத்தது, உன் பெயரை நான் இதுவரை வாய்விட்டுச் சொன்னதே இல்லை. அக்காவைப் பெயர் சொல்லி யார் கூப்பிடுவார்கள்? குப்பம்மாள் என்றேன். மறுபடியும் சொன்னேன். மூன்றாவது தடவை வெறும் காற்றுதான் வந்தது. நீ இருக்கும்போது வராத அழுகை, நீ போன அன்றைக்கும் வராத அழுகை, நடுத்தெருவில் வந்துவிட்டது.

ரம்யா ஓட்ஸைக் கொடுத்துக் குழந்தையை வாங்கிக்கொண்டாள். அது அழுகையை நிறுத்தவில்லை. சம்பந்தியம்மா, “நான் பாப்பான்னுதான் கூப்புடுவேன், இப்பவே சொல்லிட்டேன்” என்றார். கார்த்திக் மெதுவாகப் பக்கத்தில் வந்து, “அப்ப அத்தைக்குப் புடிச்சிதான் இருந்துதா மாமா?” என்று கேட்டான்.

“தெரியலப்பா” என்றேன்.

இன்றுவரை தெரியவில்லை. செய்தது சரியா, இல்லை பச்சைப் பிள்ளையின் தலையில் ஒரு பாரத்தை ஏற்றிவிட்டேனா? ஒருநாள் அவளும் பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டு வருவாள். ஏன் எனக்கு இந்தப் பெயர் என்று கேட்பாள். உனக்கு நம் வீட்டில் என்ன பதில் சொன்னார்கள்? குப்பையிலிருந்து பொறுக்கியது என்று சொன்னார்கள், அதையும் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். உன்னை இழந்துவிடுவோமோ என்று நடுங்கிப்போய் வைத்த பெயர் என்று ஒருத்தராவது உன்னிடம் சொன்னார்களா, அக்கா?

நான் சொல்வேன். அவள் கேட்கிறவரை காத்திருக்கவும் மாட்டேன். பேச்சுப் புரிகிற வயசு வந்ததும் மடியில் உட்காரவைத்து, “நீ எங்கள வுட்டுட்டுப் போயிடுவியோன்னு பயந்து வெச்ச பேரும்மா இது” என்று சொல்லிவிடுவேன். அதைக் கேட்ட பிறகும் அவள் வேண்டாம் என்றால், நானே கைப்பிடித்துக் கூட்டிப்போய் மாற்றிக் கொடுக்கிறேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

இப்படிக்கு,
உன் கூடப் பிறந்த தம்பி
ரவி