மேசைக்கு ஒரு செடி

பிப்ரவரி 6

ஆய்வுக்குழு இருபதாம் தேதி வருகிறதாம். தாவரவியல் துறைக்குப் பின்னால் நிற்கும், நான் செடி வளர்க்கும் கண்ணாடிக் கூடத்தை இடித்து வண்டி நிறுத்த இடம் பண்ணலாமா என்று முடிவு செய்வார்களாம். செடிக்கும் பிளாஸ்டிக் பூவுக்கும் வித்தியாசம் தெரியாத நாலு கோட்டுகள். துறைத்தலைவி எதிர்த்துப் பேசுவாளா? அவளா? என்னிடம் படித்தவள், எனக்கு வரவேண்டிய நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள். மேலிடம் குனியச் சொன்னால் தவழ்கிற ரகம். இங்கே அவளை மகாராணி என்றே எழுதுகிறேன். ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை.

பிப்ரவரி 11

மூன்றாவது தட்டில் இருக்கும் குட்டைத் தூண் செடி மொட்டு விட்டிருக்கிறது. விரல் உயரம், நான்கு பட்டை, இலை கிடையாது. பட்டை விளிம்பெல்லாம் பல் பல்லாக, தொட்டால் குத்தாது. பார்க்கிறவன் எவனும் “கேக்டஸா சார்?” என்பான். கேக்டஸ் இல்லை, எருக்கின் உறவு என்று எத்தனை வருஷம் சொல்லியிருப்பேன். சுவரோடு பேசியிருந்தால் சுவர் பட்டம் வாங்கியிருக்கும்.

பூ ஈரல் நிறத்தில் நட்சத்திரமாக விரியும். செத்த எலியின் நாற்றம். ஈ அதைப் பிணம் என்று நம்பி முட்டை வைத்துவிட்டுப் போகும். பொரிந்து வரும் புழுவுக்குத் தின்ன ஒன்றும் இராது. ஈயோ போகிற போக்கில் காலில் மகரந்தப் பொட்டலத்தை மாட்டிக்கொண்டு அடுத்த செடிக்குக் கூலியில்லாமல் சுமக்கும். இந்தத் துறையில் நான் பார்த்த உத்தியோகமும் அதுதான்.

பிப்ரவரி 17

மகாராணி கூடத்துக்கே எழுந்தருளினாள்.

“சார், குழு உக்கார்ற மேசையில வைக்க ஒரு செடி குடுங்களேன். சின்னதா, நிமிந்து நிக்கிறதா.”

ராஜ்ஜியமே போகப்போகிறது, இவள் மேசைக்கு அலங்காரம் கேட்கிறாள். மொட்டு பலூன் மாதிரி உப்பத் தொடங்கியிருந்தது. மனதுக்குள் கணக்குப் போட்டேன்.

“அன்னிக்குக் காலையில நானே கொண்டுவந்து வைக்கிறேம்மா.”

அம்மாவாம். என் வாயில் இவ்வளவு தேன் எப்போது ஊறியது?

பிப்ரவரி 19

சாப்பிடும்போது சிரித்துவிட்டேன் போலிருக்கிறது.

“என்ன சிரிப்பு? யாரு செத்தா?” என்றாள் மனைவி.

விஷயத்தைச் சொன்னேன்.

“அவங்க மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடினா உங்க கூடத்தைத்தானே இடிப்பாங்க?”

“எப்படியும் இடிக்கத்தான் போறாங்க. அவ பேரும் சேந்து நாறட்டும்.”

“தன் மூக்கு போனாலும் பரவால்ல, எதிரிக்குச் சகுனத்தடை. நல்லா இருக்குங்க உங்க படிப்பு.”

இவளுக்குப் பழமொழி தெரிந்த அளவுக்குத் தாவரவியல் தெரியாது.

பிப்ரவரி 20, காலை

வைத்துவிட்டேன். மொட்டின் நுனி பிரிந்திருக்கிறது.

மாலை

தேநீர் வந்த நேரத்தில் பூ முழுக்க விரிந்தது. குழுத்தலைவர் கைக்குட்டையை எடுத்தார். “எலி ஏதாவது செத்துக் கிடக்காம்மா?” நான் பின்வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தேன்.

மகாராணி தொட்டியைத் தூக்கி அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். “எலி இல்ல சார், பூ. ஈயைக் கூப்பிடுது. கிட்ட வந்து பாருங்க.”

பிறகு அவள் பேசியதெல்லாம் — எருக்கின் உறவு, பல் விளிம்பு, பொட்டலம், ஏமாந்த ஈ — என் வகுப்பு. என் வரிசை. என் நக்கல்கூட.

“நாற்றம்னா பழைய தமிழ்ல நல்ல வாசனைதான் சார். அந்தச் சொல்லு பதவி இறங்கிப்போச்சு. இதை எனக்குச் சொன்னவர் அதோ பின்னாடி இருக்கார். இந்த மாதிரிச் செடிங்க இத்தனையும் ஒரே இடத்துல அவர் கூடத்தை விட்டா இங்க வேற எங்கயும் கிடையாது. இடிக்கிறதா இருந்தா என் கையெழுத்து இல்லாம இடிங்க.”

தலைவர் நிஜமாகவே குனிந்து முகர்ந்தார், குமட்டினார், சிரித்தார். இன்னொரு கோட்டு செல்போனில் படம் எடுத்தது. கூடம் பிழைத்தது. முட்டாள்களுக்கு நாற்றம் காட்டினால்தான் தாவரவியல் விளங்குகிறது.

வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னிக்கு விரியும்னு கணக்குப் பண்ணித்தானே சார் குடுத்தீங்க?”

“ஆமா.”

பொய் இல்லையே. அவள் கண்ணில் சிரிப்பு இருந்தது. எந்தச் சிரிப்பு? மொட்டைப் பாத்ததுமே அவளுக்குத் தெரிஞ்சிருக்குமே, நான்தானே சொல்லிக் குடுத்தேன் — தெரிஞ்சேதான் வாங்கினாளா? அப்ப நான் யாரு, ஈயா?

பிப்ரவரி 21

நன்றி சொல்லப்போவதில்லை.

மார்ச் 2

அவள் வீட்டிலிருந்து ஒரு தொட்டி வந்திருக்கிறது. அதே இனம், வேறு விதையில் வளர்ந்தது.

“வருஷா வருஷம் பூக்குது, காய்க்கவே மாட்டேங்குது சார்.”

“ஒத்தையா இருந்தா காய்க்காது. பக்கத்துல இன்னொண்ணு வேணும். இதைப் பாடத்துல சொன்னேனே?”

“அன்னிக்கு நான் லீவு சார்.”

தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கெடுத்து வைத்திருக்கிறாள். வேர் அழுகாதது அதிசயம். மூன்றாவது தட்டில் இடம் ஒதுக்கினேன். வேறு என்ன செய்வது, செடி என்ன பாவம் பண்ணியது?

ஏப்ரல் 9

இரண்டு தொட்டியும் ஒரே வாரத்தில் பூத்து, கூடம் குடலைப் பிடுங்குகிறது. ஈக்களுக்குக் கொண்டாட்டம். மாணவர்கள் வரவில்லை, அதுவும் நல்லதுதான்.

மே 18

என் தொட்டியில் காய் பிடித்திருக்கிறது. ஒரே காம்பிலிருந்து இரட்டைக் கொம்பாக, விறைப்பாக நிற்கிறது. இத்தனை வருஷத்தில் முதல் தடவை. வெடித்தால் விதையெல்லாம் பஞ்சோடு பறந்துவிடும், அதற்குள் வந்து பார்த்தால்தான் உண்டு. மாடி ஏறி, அந்த நாற்காலிக்கு முன்னால் நின்று சொல்ல வேண்டும்.

நாளைக் காலை துறைத்தலைவர் அறையில் இருப்பாரா, கேட்க வேண்டும்.